கை தூக்கியவர்கள்

கலையரசன் மணப்பாறைக்குப் போயிருக்கவே வேண்டாம். காலையிலேயே தில்லை நகர் ஆபீஸில் உட்கார்ந்து தன் ஓட்டைப் போட்டுவிட்டான். போனில் 'சம்மதம்' என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் மயிலம்மாள் கூப்பிட்டு, "தம்பி, நாங்க ஓட்டுப் போடறப்ப நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்" என்றபோது மறுக்க வாய் வரவில்லை.

மயிலம்மாளின் முறுக்குக் குழுப் பெண்களை உச்சி காயின் என்ற டிஜிட்டல் காசில் பணம் போட வைத்ததே அவன்தான். "இது முதலாளி இல்லாத காசுங்க. எது செஞ்சாலும் ஓட்டுப் போட்டுத்தான். உங்களுக்கும் ஓட்டு உண்டு" என்று சொன்னான். அதில் பொய் இல்லை. ஓட்டு தலைக்கு ஒன்று அல்ல, காயினுக்கு ஒன்று என்பதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டான். காயினில் பாதிக்குச் சற்றுக் குறைவு, அதை ஆரம்பித்த பிரவீன்ராஜிடம் இருந்தது. ஆள் சேர்த்ததற்கு இனாமாக வந்த ஒரு பங்கு கலையரசனிடம். இரண்டும் சேர்ந்துவிட்டால், மீதி அத்தனை பேரும் எதிர்த்து நின்றாலும் ஒன்றும் ஆகாது.

இன்றைய தீர்மானம், ஒரு வருஷத்துக்கு யாரும் பணத்தை எடுக்கக்கூடாது என்பது. நிர்வாகிகளுக்கு மட்டும் விலக்கு. தானும் ஒரு நிர்வாகி என்பதால் அந்த விலக்கை நம்பித்தான் அவன் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான். மயிலம்மாளின் குழுவுக்கோ, தீபாவளி ஆர்டருக்கு மாவும் எண்ணெயும் வாங்க இந்த மாசமே பணம் வேண்டும். அவர்களிடம் வேறு பணம் கிடையாது.

அவன் போனபோது அடுப்புகளை அணைத்துவிட்டு எல்லோரும் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த முடிவானாலும் கை தூக்கித்தான் எடுப்பது குழுவில் வழக்கம். ஒரு ஆள் குறைந்தாலும் ஆரம்பிக்க மாட்டார்கள். இன்றைக்குப் பானுமதி மட்டும் இன்னும் வரவேண்டியிருந்தது. காய்ச்சலில் கிடந்தவள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"படுத்திருக்கக் கூடாதாங்க?" என்றான் கலையரசன்.

"ஒரு ஓட்டுல தோத்துட்டோம்னா? ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க."

அவனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"பணத்தைப் பூட்ட வேணாங்கறவங்க கை தூக்குங்க" என்றாள் மயிலம்மாள். மாவு அப்பிய கைகள் எல்லாம் மேலே போயின. அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் நம்ம ஆளுதானே தம்பி?"

அவனும் தூக்கினான். அதைவிடக் கேவலமான காரியத்தை அவன் செய்ததில்லை. பிறகு ஒவ்வொருத்தியும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, போனில் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். புறப்படும்போது பானுமதி ஒரு முறுக்குப் பொட்டலத்தை அவன் பையில் திணித்தாள்.

போட்ட ஓட்டை ஆறு மணி வரை மாற்றலாம். திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவன் போனைத் திறந்தான். 'மாற்று' என்ற பொத்தான் விரலுக்குக் கீழேயே இருந்தது. அவன் ஒருத்தன் மாற்றினால் போதும், தீர்மானம் விழுந்துவிடும். எல்லோரும் பணத்தை எடுக்க ஓடுவார்கள், விலை சரியும், ஃபிளாட் கைவிட்டுப் போகும். ராம்ஜி நகர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். ராம்ஜி நகர் வந்தது, போனது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ஆறு தாண்டிவிட்டிருந்தது. மறந்துபோச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. போன் வழி முழுக்க அவன் கையில்தான் இருந்தது.

அதே போன் அடித்தது. மயிலம்மாள்.

"தீர்மானம் பாஸாயிடுச்சுன்னு வந்திருக்குங்க தம்பி." குரலில் கோபமே இல்லை. "என்ன செய்யறது, நிறைய பேரு கேட்டா கட்டுப்படத்தானே வேணும். எங்க குழுவுலயும் அப்படித்தான். பூட்டணும்னு எத்தனை பேரு போட்டாங்க? ஆயிரம் பேரு இருக்குமா?"

இதையாவது மறைக்கக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.

"ரெண்டு பேருங்க."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பானுமதியாக இருக்கும்.

"ரெண்டு பேரா? யாரு யாருங்க?"

"ஒருத்தர் பிரவீன்ராஜ் சார்."

"இன்னொருத்தர்?"

அவன் பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்து மூடினான்.

"நீங்க எங்களோட கை தூக்குனீங்களே தம்பி" என்றாள் மயிலம்மாள்.