மீதி முப்பத்திரண்டு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழிக்குப் பயந்துதான் இரஞ்சிதம் ஒரு கிழமையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

1978ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் பிளாக்டவுனில் டிராக்டர் உதிரிப்பாகங்கள் விற்கும் கம்பனியில் புதிதாக வந்த கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. மூன்று மாதத் தவணை வேலை. சரக்குப் பட்டியலை ஒரு தடவையாவது முழுதாக அச்சடித்துக் காட்டினால் நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி வோல்டர். தவணை இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு முடிகிறது. பட்டியலோ ஒவ்வொரு முறையும் பாதி வழியில், மெமரி போதாது என்று படுத்துவிடுகிறது.

மெஷினைக் குறை சொன்னால் சிரிப்பார்கள் என்று தன் புரோகிராமையே வெட்டிச் சுருக்கினாள். பாவம், அது எலும்பும் தோலுமாகிவிட்டது. காலையில்தான் அவளுக்கு ரோசம் வந்தது. மெஷினைப் பொருத்திக் கொடுத்த எஞ்சினியர் நரசிம்மனை வரவழைத்தாள்.

சென்னைக்காரரான நரசிம்மன் வந்ததும் வராததுமாக ஒரு தாளை நீட்டினார். மெஷினைப் பொருத்திய அன்றே மெமரி அறுபத்துநான்கு கே என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அறுபத்துநாலு இருக்குங்க. உங்க புரோகிராம்தான் பெரிசு போல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேப்பரை விடுங்கோ. மெஷினையே கேப்பம்."

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மெஷினே சொல்வதற்கு ஒரு கட்டளை உண்டென்று நேற்று ரயிலில் கையேட்டில் படித்திருந்தாள். அந்த ஒரு வரியை அடித்தாள். தட்டச்சுப் பொறி போன்ற முனையம் தடதடவென்று தாளில் அடித்துக்கொண்டே போனது. டிஸ்க் இரண்டு. பிரிண்டர் ஒன்று. மெமரி, முப்பத்திரண்டு.

இரஞ்சிதத்துக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. கூடம் கோணல்தான்! இன்னொரு தடவை அடித்தாள். அதே முப்பத்திரண்டு.

நரசிம்மன் மூடியைக் கழற்றினார். மெமரி அட்டை ஒன்றுதான் இருந்தது, பக்கத்து இடம் காலி. இரண்டாவது அட்டை மறுநாள் வரும், வந்ததும் பொருத்தலாம் என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பிறகு மறந்துபோனதாக, மழுப்பாமல் ஒப்புக்கொண்டார். போனில் விசாரித்தார். அட்டை வைத்த பெட்டி போன செவ்வாயே இங்கே வந்துவிட்டதாம்.

களஞ்சியத்தில் தேடினார்கள், தேநீர் அறையில் தேடினார்கள். மணி பதினொன்று இருபது. களைத்துப்போன இரஞ்சிதம் கதிரையில் விழுந்து, வழக்கம்போல் மேசைக்கடியில் கிடந்த பெட்டியில் காலைத் தூக்கி வைத்தாள். ஆஸ்திரேலியர்களின் நீண்ட கால்களுக்குச் செய்த கதிரை அது. அவளுடைய கால் தரையில் எட்டாது. கையேடுகள் என்று நினைத்து அந்தப் பெட்டியைத்தான் போன செவ்வாயிலிருந்து கால்மணையாக்கியிருந்தாள்.

போன செவ்வாய்.

நெருப்பை மிதித்தவள் போல் காலை இழுத்துக்கொண்டாள். குனிந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நரசிம்மன் மிதிக்கவே இல்லை, இருந்தாலும் அவரும் தொட்டு ஒற்றிக்கொண்டார். வாசலில் நின்ற வோல்டர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்.

பெட்டிக்குள் இருந்த அட்டையைச் செருகிவிட்டு மறுபடி கேட்டார்கள். அறுபத்துநான்கு என்றது மெஷின். பட்டியல் பாதியைத் தாண்டியபோது இரஞ்சிதம் வாய்விட்டுச் சிரித்தாள். பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் கடைசி வரியும் அச்சானது.

வோல்டர் தாளின் நுனியைப் பிடித்துப் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார். வேறு ஏதாவது தேவையா என்றும் கேட்டார்.

கால் வைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றாள் இரஞ்சிதம், உள்ளே ஒன்றும் இல்லாததாக.