பன்னிரண்டாம் நாள் ஜுரம்

1

கடிதமாக இருந்தால் 'இவ்விடம் க்ஷேமம்' என்று போட்டுவிட்டு மேலே போய்விடுவேன். க்ஷேமமா என்பது எனக்கே தெரியாததால் கதை என்று சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு முனிசிபாலிட்டியில் நான் ஜனன மரணக் குமாஸ்தா. தெருக்களிலிருந்து வரும் மரணச் சீட்டுகளைப் படித்து, ஒவ்வொரு காரணத்துக்கும் அச்சிட்ட பட்டியலில் உள்ள எண்ணைப் போடுவது வேலை. 'ஜுரம்' என்றால் ஓர் எண். 'பிரசவ ஜுரம்' என்றால் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கதை கிடைத்தது.

(எண்களை இங்கே எழுதி, அடித்துவிட்டேன். எண்ணைப் பார்த்தால் ஆள் மறந்துபோகிறது. எனக்கு அது நடந்திருக்கிறது.)

என் மனைவி ஜெயபுஷ்பத்துக்கு ஒன்பதாம் மாதம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததாக நினைப்பீர்கள்.

2

முதல் தொடக்கம்: "1932 ஜூன் மாதம், மஹ்பூபி என்னும் மருத்துவச்சி கண்ணீரும் கம்பலையுமாக எங்கள் ஆபீசுக்கு—"

பொய். அவள் அழவில்லை. என் மேஜைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அவள் பார்த்த பிரசவங்களில் ஒரு வருஷத்தில் நாலு பேர் பிரசவ ஜுரத்தில் இறந்ததாக நான் அறிக்கை எழுதியிருந்தேன். அதை வைத்து அவளுடைய அனுமதிச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"எம் பேர்ல நாலு. கெங்கம்மா பேர்ல ஒண்ணுகூட இல்லியாமே? அந்தத் தெரு பொம்பளைங்க இன்னா, இரும்புல செஞ்சதா?"

"சீட்டுல வர்றதத்தான் நான் எழுதறேன், அம்மா."

"தோல் மண்டி கன்னியப்பன் பொஞ்சாதி எல்லம்மா செத்தாளே, அதுக்கு இன்னா எழுதினே?"

மரண ரிஜிஸ்தரைப் பார்த்துச் சொன்னேன். "ஜுரம்."

"புள்ள பெத்து எத்தினி நாள்ல?"

ஜனன ரிஜிஸ்தரையும் எடுத்துப் பார்த்தேன். "பன்னெண்டு."

"அப்ப அது எந்த ஜொரம்?"

"பதினோராம் நாள் தலைக்கு ஊத்தியாச்சே."

"தலைக்கு ஊத்தினது ஜொரத்துக்குத் தெரியுமா அய்யா?"

பக்கத்து மேஜை நயீம் அகமது சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

*குறிப்பு: எங்கள் தெருக்களில் பதினோராம் நாள் தலைக்கு ஊற்றித் தீட்டுக் கழித்துவிட்டால் பிரசவம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு வரும் காய்ச்சல் வெறும் காய்ச்சல். சீட்டிலும் அப்படியே எழுதிக் கொடுப்பார்கள். மஹ்பூபி பார்க்கும் தெருக்களில் ஒருத்தி நாற்பது நாள் வரை பிள்ளை பெற்றவள்தான். முப்பதாம் நாள் செத்தாலும் பிரசவம் என்றே சொல்வார்கள்.*

3

அடுத்து கெங்கம்மாள், எங்கள் பக்கத்துத் தெருக்களின் மருத்துவச்சி. கதைக்கு ஒரு கெட்டவள் வேண்டுமென்று அவளை அழுக்கு நகத்தோடு எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. நான் எழுதிய சுத்தமான அறிக்கையை நம்பி, ஜெயபுஷ்பத்துக்கு நாங்களே பேசி வைத்திருந்தது அவளைத்தான். வியாழக்கிழமை வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, பெக்கப் போறது அவளா நீயா? மூஞ்சி இப்டி வேர்க்குது?"

"எல்லம்மாவுக்கு நீங்கதானே பாத்தீங்க?"

"நான்தான். புள்ள கல்லு மாதிரி பொறந்துச்சி. தலைக்கு ஊத்திட்டு வந்தேன். மறுநாளே ஏதோ ஜொரம், பூட்டா பாவம்."

அவள் பொய் சொல்லவில்லை. அவளும் பதினொன்று வரைதான் எண்ணியிருக்கிறாள்.

4

இந்தப் பகுதியில் ஒன்றும் நடக்காது. ஒரு மனிதன் இரண்டு ரிஜிஸ்தர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறான், அவ்வளவுதான். கெங்கம்மாள் போகும் தெருக்களில் 'ஜுரம்' என்று செத்த பெண்களை ஒரு தாளில் எழுதினேன். அதே வீட்டில் அதற்கு முந்தைய நாற்பது நாளுக்குள் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று ஜனன ரிஜிஸ்தரில் தேடினேன்.

ஆறு.

நூற்றெண்பது பிரசவங்களில் ஆறு. மஹ்பூபிக்கு நூற்றிருபதில் நாலு. வகுத்தால் இருவருக்கும் ஒரே விடை: முப்பதில் ஒருத்தி. நான் எழுதிய அறிக்கை ஒருத்தியின் பிழைப்பைப் பிடுங்கியிருக்கிறது. இன்னொருத்தி வீட்டுக்கு வீடு தன் கைகளில் என்ன கொண்டுபோகிறாள் என்று யாரும் போய்ப் பார்க்காமல் செய்திருக்கிறது. அவளைத்தான் நான்—

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. குமாஸ்தா அன்றே திருத்தம் கொடுக்கிறான். மஹ்பூபிக்கு அனுமதிச் சீட்டு திரும்புகிறது.

ஆ. திருத்தம் கொடுத்ததும் இருவர் சீட்டையுமே வாங்கிவிடுகிறார்கள். ஊரில் பிரசவம் பார்க்க ஆளில்லை.

இ. தன் வீட்டுப் பிரசவம் ஆகி நாற்பது நாள் கழியட்டும் என்று குமாஸ்தா தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுகிறான்.

மூன்றாவதுதான் நன்றாக வந்திருந்தது. நிறுத்தி நிறுத்தி, அழகாக எழுதியிருந்தேன். ஜெயபுஷ்பம் மூன்றையும் வாங்கிப் படித்தாள்.

"இதுல நான் இன்னா ஆறேன்?"

திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் அவளே இல்லை. சீட்டு யாருக்குப் போயிற்று என்பதோடு நிறுத்தியிருந்தேன்.

"எழுதினா நடந்துருமோன்னு..."

"அதுக்காவ அந்தம்மா நாப்பது நாளு சும்மா குந்தியிருக்கணுமா? நடுவுல பெக்கறவங்க இன்னா பண்ணுவாங்க? நாளைக்கே குடுத்துட்டு வாங்க."

"அப்பறம் உனக்கு யாரு?"

"குடுத்துட்டு வந்து கேளுங்க."

6

வெள்ளிக்கிழமை திருத்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சுகாதார அதிகாரி வேலூர் போயிருக்கிறார், வந்துதான் பிரிப்பார். ஆனால் ஊரில் எந்தக் கடிதமும் பிரிக்கும் வரை காத்திருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வலி கண்டது. நான் யாரையும் கூப்பிடுமுன் வாசலில் கெங்கம்மாள்.

"எம் பேர்ல ஆறு எழுதிக் குடுத்துட்டியாமே?"

நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"ஏழாவது இந்த வூட்ல ஆவக்கூடாது. நவுரு. தண்ணிய நல்லா கொதிக்க வெய். சோப்பு எங்க?"

முழங்கை வரைக்கும் தேய்த்தாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னொரு தரமும் தேய்த்தாள். மூன்று மணிக்குப் பெண் பிறந்தது.

கதை இங்கே முடிந்ததென்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். மிஞ்சிப்போனால் பதினோராம் நாள் முடித்துவிடு என்கிறார்கள். என்னால் ஆகாது. இன்று செவ்வாய், மூன்றாம் நாள். காலையிலிருந்து நாலு தரம் ஜெயபுஷ்பத்தின் நெற்றியைத் தொட்டுவிட்டேன். கொஞ்சம் சூடாக இருப்பது போலிருக்கிறது. என் கைதான் சில்லென்று இருக்கிறதோ என்னவோ. அவளைக் கேட்டால், "போய் எழுதற வேலையப் பாருங்க" என்கிறாள்.

எழுதுவதற்கு இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கிறது. அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட்டால், முடிவை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். அவளையும் அதில் எழுதுங்கள். நான் ஐந்தாம் தரம் தொட்டுப் பார்க்கப் போகிறேன்.