அரை மணி முந்திய கடிகாரம்

"தூரமா இருக்கேம்மா," என்றார் அவர்.

"தூரமெல்லாம் பழகிடுங்க. ரயில்ல உக்காந்தா தெரியாமலே போயிடும்."

"உக்காந்தாதானே."

"நின்னாலும் என்ன? ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போலாமே."

இந்த வீட்டை முதன்முதலாகப் பார்க்க வந்த அன்று, பூச்சு காயாத கூடத்தில் நின்று நானும் என் கணவரும் பேசியது இது. அவர் கட்டைவிரலால் சுவரை அழுத்திப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்தப் பேச்சை நான் எத்தனை முறை நினைத்திருப்பேனோ தெரியாது. தூரம் பழகவும் இல்லை, பேசிக்கொண்டே போகவும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் ஒன்பது தெருக்கள். எல்லாவற்றிலும் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே பழுப்பு நிறக் கேட். குடிவந்த புதிதில் அவர் ஒருநாள் அடுத்த தெருவில் யார் வீட்டுப் பூட்டிலோ எங்கள் சாவியைப் போட்டுக் கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறார். உள்ளேயிருந்து வந்தவர் கோபப்படவில்லை. "பரவாயில்ல சார், போன வாரம் நான் மூணாவது தெருவுல இதேதான் பண்ணேன்," என்றாராம். காலை ஆறரைக்குள் தெருக்கள் காலியாகிவிடும். அக்கம்பக்கத்தாரை எங்களுக்கு முதுகை வைத்துத்தான் தெரியும். நீலப் பை, கிழிந்த குடை, நரைத்த பின்னந்தலை. சனிக்கிழமை அவர்கள் திரும்பி நின்று சிரித்தால், யார் இவர் என்று ஒரு கணம் திகைப்பாக இருக்கும்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் அவருக்கு வேலை. எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நகரத்துக்குப் போகும் ரயில் எங்கள் நிலையத்துக்கு வரும்போதே பிதுங்கி வழியும். விவரம் தெரிந்தவர்கள் ஐந்து பத்துக்கு எதிர்த்திசை ரயிலில் ஏறி, இரண்டு நிலையம் தள்ளியிருக்கும் கடைசி நிலையத்துக்குப் போய், அதே வண்டி திரும்பும்போது உட்கார்ந்துகொண்டு வருவார்கள். வேலைக்குப் போக, வேலைக்கு எதிர்ப்பக்கம் போகிற ஜனங்கள் நாங்கள். அவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நான் நகரத்திலேயே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கிறேன். ஒன்பதரைக்குத் தொடங்கி இரவு எட்டு வரை. நான் வீட்டுக்கு வரும்போது அவர் தூங்கியிருப்பார், அவர் கிளம்பும்போது நான் அடுப்படியில் இருப்பேன். நாள் முழுக்க மற்றவர்களிடம், "உங்களுக்கு எப்போ வசதிப்படும்?" என்று கேட்டுக் கேட்டு நேரம் ஒதுக்கித் தருகிற எனக்கு, சொந்தப் புருஷனிடம் பதினைந்து நிமிடம் பேசச் சேர்ந்தாற்போல நேரம் கிடைத்ததில்லை. சனிக்கிழமையும் எனக்கு மருத்துவமனை உண்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் வாரத் தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்குவார்.

எங்களோடு இருக்கும் மாமியார் மூன்றாம் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இது வீடு இல்லம்மா, லாட்ஜு. நான் மேனேஜர். நீங்க ரெண்டு பேரும் ரூம் எடுத்திருக்கீங்க."

போன மாதம் கணவர் வேலையிலிருந்து திரும்பி வரும்போது ரயிலிலேயே தூங்கிப்போனார். எங்கள் நிலையம் போய், கடைசி நிலையமும் போய், காலி வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம் வரை போய்விட்டார். பெட்டி கூட்ட வந்த பெண் துடைப்பக் கட்டையால் தோளில் தட்டி எழுப்பியிருக்கிறாள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாரம் லிஃப்ட் குழிக்குள் நின்றபடியே கண் அசந்துவிட்டது. கூட வேலை செய்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். "இல்லன்னா கை போயிருக்கும்," என்று வீட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார் கணவர். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் அந்த ஏற்பாடு. கூட வேலை செய்யும் இருவர் நகரத்தில் ஒரு பட்டறைக்கு மேலே அறை எடுத்திருக்கிறார்கள். அதில் மூன்றாவது கட்டில் இவருக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே, சனி ஞாயிறு இங்கே.

"சரிங்க. உடம்புதானே முக்கியம்," என்றேன்.

சொல்ல நினைத்தது அது இல்லை. இந்த வீட்டை விட்டுவிட்டு நகரத்துக்குள் எத்தனை சின்ன இடமானாலும் போய்விடலாமா என்று கேட்க, முதல் மழைக்காலத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சொந்த வீடு, சொந்த வீடு என்று அவர் உயிரை வாங்கியவள் நான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்?

அவர் கிளம்ப வேண்டிய திங்கட்கிழமை வந்தது. இரண்டு பைகள் இருந்ததால் நிலையம் வரை நானும் வருவதாகச் சொன்னேன். இந்த இடத்தில் எங்கள் சமையலறைக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடும். அது முன்னால் ஓடுவது மூவருக்கும் தெரியும் என்பதால் மூவரும் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வோம். ஆக அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

அன்று குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், பத்தைக் கழித்தாலும் மணி ஐந்து! இரண்டு கையும் ஈரம், கைப்பேசியைத் தேடி எடுத்துப் பார்க்க யாருக்கு நேரம்? "ஐயோ கிளம்புங்க," என்று நான் கத்த, அவர் ஒரு காலில் செருப்போடு வாசலுக்கு ஓட, பையும் கையுமாக மூச்சிரைக்க நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். நடைமேடையில் ஈ காக்கை இல்லை. மேலே தொங்கிய பெரிய கடிகாரத்தில் நாலு நாற்பத்திரண்டு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ கடிகாரத்தத் தொட்டியா?"

"நேத்து சாயந்தரம் ஒரு பத்து நிமிஷம் தள்ளி வச்சேன். முதல் நாளே வண்டி போயிடக் கூடாதேன்னு. காலையில அவசரத்துல அதையே மறந்துட்டேன்."

"அடிப்பாவி. நானும் பத்து தள்ளி வச்சேனே."

"அப்படின்னா இருபதுதானே வரணும்? இன்னொரு பத்து எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கைப்பேசியில் வீட்டுக்கு அழைத்தார். மாமியாரின் குரல் எனக்கே கேட்டது. "நான்தாண்டா வச்சேன். உங்க ரெண்டு பேரையும் நம்பி எந்தக் காரியத்துல இறங்க முடியும்? பையில சாப்பாடு இருக்கு, அங்கேயே உக்காந்து தின்னு."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று நினைத்ததுமே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை, எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல அரை மணி. அதை நான் எப்படிச் செலவழித்தேன் தெரியுமா? போர்வை எடுத்து வைத்தீர்களா, மாத்திரை எந்தப் பையில், அழுக்குத் துணியை அங்கே ஊறப்போடாதீர்கள், இங்கே கொண்டுவாருங்கள். வாய் ஓயவில்லை, கால் ஆடிக்கொண்டே இருந்தது. கடிகாரத்தில் ஐந்தாயிற்று. நீலப் பை வந்தது. பின்னாலேயே நரைத்த தலை வந்தது.

"காலை ஆட்டாத," என்றார்.

"ஆட்டல."

"நான் போறதுல உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"எனக்கென்ன வருத்தம்? உங்க கை பத்திரமா இருந்தா போதும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நகக்கண்ணில் போகாத கிரீஸ்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காத. அந்த ரூம் எனக்குப் பிடிக்கவே இல்ல. ஜன்னல் கிடையாது. ஒருத்தன் விடிய விடியக் குறட்டை."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"வேற என்ன பண்றது? நீ ஆசைப்பட்டு வாங்கின வீடு. ஒவ்வொரு ஜன்னலையும் நீ தொடச்சுப் பார்த்துக்கிறத நான் பாக்கறேன்ல. இது உனக்கு நிக்கணும். நான் எங்கயாவது படுத்துக்குவேன்."

தண்டவாளம் அதிரத் தொடங்கியது. நீலப் பையும் நரைத்த தலையும் பெட்டி நிற்கும் இடத்துக்கு நகர்ந்தார்கள். அவரும் எழுந்து ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றொன்றுக்காக என் பக்கம் கையை நீட்டினார். எனக்காகத்தான் போகிறாராம். நான் ஜன்னல் துடைப்பது, மாமியாரோடு பேச விஷயம் தீர்ந்துபோகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு என்ன செய்வதென்று தெரியாமல். அது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னால்தானே.

பையின் காதை நான் விடவில்லை.

"குடும்மா, வண்டி வருது."

"இருங்க."

"உள்ள என்ன கல்லா வச்சிருக்க, இப்படிப் பிடிச்சு இழுக்கற?"

"ஏங்க," என்றேன். வண்டிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னும் சத்தமாக, நீலப் பைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"எனக்கு இந்த வீடு வேண்டாங்க. நீங்க இல்லாம இங்க ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். நகரத்துக்குள்ள ஒரே ஒரு அறை போதும், நாம மூணு பேரும் அங்க போயிடலாமா?"