விக்டோரியா சொன்ன பெயர்

விக்டோரியாவுக்கு மீஞ்சூரில் சொந்தமாக ஓர் அரிசி மில் வேண்டும். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் கூலிக்காரர் காலனியில் பிறந்து, சின்ன வயதிலேயே பிறர் வயலில் நாற்று நட்டவள். அரசாங்கம் சாராயக் கடைகளை மறுபடி மூடியதும், ஆந்திராவிலிருந்து கள்ளத்தனமாகச் சரக்கு கொண்டுவந்து விற்கத் தொடங்கினாள். மில்லுக்குக் கட்டடம் எழும்பிவிட்டது. மெஷின் வந்து இறங்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து எல்லையில் கெடுபிடி அதிகமாகிச் சரக்கு நின்றுபோனது. புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றிலிருந்து திருட்டு ஸ்பிரிட் ஒரு பீப்பாய் வாங்கினாள். அவளுடைய லாரி டிரைவர் வரதன் அதை மோந்து பார்த்தான்.

"அக்கா, இது பெயிண்ட்டுல ஊத்தறது. வேணாம்."

"தண்ணி கலந்தா இன்னா ஆவும்? பேசாம ஏத்து."

அதைக் குடித்து அவள் பிறந்த காலனியிலேயே மூன்று பேர் செத்தார்கள். அவளுடைய தம்பி ராஜமாணிக்கம் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் கண் விழித்தவன், "இன்னும் விடியலையாக்கா? வெளக்கப் போடேன்" என்றான். ஜன்னல் வெயில் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. விக்டோரியா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கத்தை விசாரிக்க வந்தார். வரதன் பிடிபட்டிருந்தான்.

"எல்லாம் தன் வேலதான்னு ஒத்துக்கினான். நீ யார்கிட்ட வாங்கினே?"

ராஜமாணிக்கம் கொஞ்சம் யோசித்தான். "வரதன்கிட்டதான் சார்."

விக்டோரியாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மில் தப்பித்தது என்று மனசு சொன்னது. அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வெளியே போனதும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஏன்டா பொய் சொன்னே? என்னோட சரக்குன்னு உனக்குத் தெரியுமே."

"அம்மா இல்லாதப்ப நீதான சோறு போட்டே. அதுக்கு இது சரியாப் போச்சு." பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். "இனிமே என் ஊட்டுப் பக்கம் வராதே."

அவள் எழுந்து வெளியே ஓடினாள். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

"வரதன் வேணாம்னுதான் சார் சொன்னான். வாங்கினது நான். கலக்கச் சொன்னதும் நான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தெரிஞ்சுதான் பேசறியாம்மா? கேஸ் முடிஞ்சாப்பல. ஊட்டுக்குப் போ."

"என் பேரு விக்டோரியா. எழுதிக்கோங்க."

வரதனுக்கும் தண்டனை கிடைத்தது. அவளுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. ராஜமாணிக்கம் கோர்ட்டுக்கு வரவில்லை. செத்துப்போனவர்களின் பெண்டாட்டிகள் வந்திருந்தார்கள். போலீஸ் அவளை வேனுக்கு அழைத்துப் போகையில் அவர்களில் ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். பூவம்மாள். ஒரே வயலில் விக்டோரியாவோடு களை எடுத்தவள்.

அவள் சத்தம் போடவில்லை. "ஓட்டு ஊடு கட்டினே, லாரி வாங்கினே. அப்பாலயும் உனக்கு இன்னாடி கொறஞ்சிச்சு?"

  போலீஸ்காரி தோளைத் தொட்டதும் விக்டோரியா தலையைக் குனிந்து வேனில் ஏறினாள்.