இருநூற்றுப் பதின்மூன்றாம் வரி

மின்விசிறித் தொழிற்சாலையின் ஊழியர் பதிவேடுகள் கிளவுட் மென்பொருளுக்கு மாறிய திங்கட்கிழமை காலை, அங்கே வேலை பார்த்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் குடும்பங்களும் ஒரு வரி கீழே இறங்கின. இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பட்டியல்களை ஏற்றிய நிறுவனத்தார் ஊழியர் பட்டியலில் தலைப்பு வரியை நீக்கிவிட்டு, குடும்பப் பட்டியலில் நீக்க மறந்துவிட்டார்கள். ஆகவே முதல் ஊழியரின் குடும்பம் இரண்டாமவருக்குப் போனது, இரண்டாமவருடையது மூன்றாமவருக்கு, இப்படியே கடைசிவரை. வெல்டர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது ஸ்டோர் கீப்பரின் மனைவி கதவைத் திறந்து, செருப்பை வெளியே விடச் சொன்னார். ஸ்டோர் கீப்பரின் வீட்டில் யாரோ பெற்ற இரட்டைக் குழந்தைகள் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தன. குடும்பங்கள் தத்தம் வீட்டுக்குத் திரும்ப முயலாமல் இல்லை. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும், எந்தத் தெருவில் திரும்பினாலும், போய் நின்றது புது வரியின் வாசலில்தான். மூன்றாம் நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பட்டியல் வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி இருந்தது. கடைசி ஆள் எச்.ஆர். பிரிவின் கிளார்க். ஆறு வருடத்துக்கு முன் அவள் சேர்ந்தபிறகு தொழிற்சாலை யாரையும் எடுக்கவில்லை. முந்தின வரியில் இருந்த பெயிண்டரின் மனைவியும் மாமியாரும் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமியார் வந்த அன்றே சமையலறை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிளார்க்கின் குடும்பம் என்று பதிவில் இருந்தது எட்டு வயது மகள் ஒருத்திதான். அவள் இருநூற்றுப் பதின்மூன்றாம் வரிக்கு இறங்கியிருந்தாள். அந்த வரியில் ஊழியர் இல்லை. ஊழியர் இல்லாததால் வீடு இல்லை. வீடு இல்லாததால் குழந்தை எங்கேயும் இல்லை. திரையில் மட்டும் பெயரும் வயதும் தெரிந்தன.

மென்பொருளின் உதவி மையத்துக்குக் கிளார்க் அன்றே புகார் கொடுத்தாள். கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள், மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். ஐந்தாம் நாள் புகார் தீர்க்கப்பட்டதாகத் தகவல் வந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸ் சுவரில் மோதி இரண்டாகப் பிளந்தது. ஒன்பதாம் நாள் போனில் பேச ஒரு மனிதக் குரல் கிடைத்தது.

"உங்க டேட்டா பத்திரமா இருக்கு மேடம்."

"அது டேட்டா இல்லைங்க, எம் பொண்ணு."

"பொண்ணும் பத்திரமா இருக்காங்க மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

நாலு அதிகாரிகளைத் தாண்டிப் போனபிறகு விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்தது: ஏற்றிய பட்டியலை வருட முடிவுவரை யாரும் தொட முடியாது, புது ஊழியரை மட்டும் சேர்க்கலாம். அவள் தாளில் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒருவரைச் சேர்த்தால் மகள் முன்பின் தெரியாத அந்த ஆளின் வீட்டுக்குப் போய்விடுவாள். உச்சியில் ஒருவரைச் சேர்த்தால் எல்லா ஊழியர்களும் ஒரு வரி இறங்குவார்கள், அவரவர் குடும்பம் அவரவருக்குக் கிடைத்துவிடும். அதற்கு மேனேஜருக்கும் முன்னால் வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆள் வேண்டும்.

மேனேஜர் தொழிற்சாலை திறந்த நாளிலேயே சேர்ந்தவர், முதல் வரிக்காரர். அவர் வீட்டுக்கு வந்திருந்தது தலைப்பு வரி: பெயர், உறவு, வயது என்று மூன்று பேர். வெளிறிய, மரியாதையான ஆட்கள். முகத்தில் குறிப்பாக எதுவும் இல்லை. போட்டதைச் சாப்பிட்டார்கள், டிவி ரிமோட்டைத் தொடவில்லை, எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக மேனேஜர் நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு கிலோ எடையும் கூடியிருந்தார்.

"எனக்கு மேல ஒருத்தரா?" என்றார். "இந்த ஃபேக்டரிக்கு ரிப்பன் வெட்டுனப்போ கத்திரிக்கோல் புடிச்சு நின்னவன் நான். அதுவுமில்லாம இப்ப என்ன அவசரம்?"

"எம் பொண்ணக் காணோம் சார்."

"அதான் சிஸ்டத்துல இருக்காளே?"

இதற்குமேல் அந்த மனிதரிடம் பேசுவது வாய்க்குக் கேடு என்று அவள் எழுந்து வந்தாள். பத்தொன்பதாம் நாள் காலை பதினொன்று இருபதுக்கு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்ற வாகைமரத்தை வேலைக்குச் சேர்த்தாள். தொழிற்சாலைக்கு இடம் வாங்கும்போதே அங்கே நின்ற மரம் அது. பணி என்ற கட்டத்தில் நிழல் தருதல் என்று போட்டாள். முழுநேரமா என்று மென்பொருள் கேட்டது, ஆம் என்றாள். போட்டோ கேட்டது, ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தாள். மரத்தை மேனேஜருக்கு மேலதிகாரியாக வைத்துக்கொண்டு, மென்பொருள் மறுபேச்சில்லாமல் எல்லோரையும் ஒரு வரி இறக்கியது. தலைப்புக்காரர்கள் மூவரும் மேனேஜர் வீட்டிலிருந்து நடந்தே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள், கேன்டீனிலிருந்து மூன்று டீ தனியாகப் போகிறது. மரத்தை வேலையிலிருந்து நீக்க மேனேஜர் அன்றைக்கே மனுப் போட்டார். அதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்பட்டதால் மனு மரத்திடம் நிலுவையில் உள்ளது. வெல்டர் மட்டும் சொந்த மனைவியைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டதாகச் சொல்கிறார்கள்.

கிளார்க் கைப்பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடினாள். மகள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் கை வைத்தபடி.

"ஒரு வரி சேக்க பத்தொம்பது நாளாம்மா? நீ ஆபீஸ்ல என்னதான் பண்ற?"

பத்தொன்பது நாளும் எல்லோரிடமும் எரிந்து விழுந்தவளுக்கு இப்போது அழுகைதான் வந்தது. சோறு போட்டாள். மகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ஒரு வெள்ளைக் கட்டம், பக்கத்தில் இருந்த கட்டமெல்லாம் காலி என்றாள்.

"ரொம்பச் சின்னது. உக்காரவே முடியல. நின்னுக்கிட்டேதான் இருந்தேன்."

மாலைவரை அலுவலகத்திலிருந்து ஆறு தடவை போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, மகளின் கால்களை மடியில் வைத்து அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.