கசப்புக்கு இருபது மார்க்

என் வீட்டுக்காரரின் மூக்குக்குத்தான் கம்பெனியில் சம்பளம். கேலிக்குச் சொல்லவில்லை. அவருடைய முதலாளி மாணிக்கவாசகம் அண்ணாச்சியே பத்துப் பேருக்கு நடுவில் அப்படித்தான் சொல்வார். அண்ணாச்சிக்குக் கிண்டியில் கலர் சோடா கம்பெனி இருந்தது. எசென்ஸ் டப்பாவைத் திறந்து ஒருதரம் முகர்ந்தால் போதும், இது போன மாசச் சரக்கு, இது வெயிலில் கிடந்த சரக்கு என்று சிதம்பரநாதன் சொல்லிவிடுவார். சிதம்பரநாதன் என்பது இவர் பெயர். சொந்த அத்தை மகன், அதனால் கூப்பிடுவது அத்தான் என்று. பெயரை எழுதினால் ஆயுசு ஒன்றும் குறைந்துவிடாது.

எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்தார்களோ இல்லையோ, அண்ணாச்சி சோடாவை மூட்டை கட்டிவிட்டு பீர் காய்ச்ச இறங்கிவிட்டார். பெல்ஜியத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார். அந்த மனுஷர் அவர் ஊரில் ஏதோ ஒரு சாமியார் மடத்தில் இருந்து பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டவராம். சாமியார்கள் பீர் காய்ச்சுகிற ஊரும் இருக்கிறதா என்று எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாங்கள் வெள்ளி செவ்வாயில் வெங்காயமே சேர்க்காத சைவக் குடும்பம். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அண்ணன்மார், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று யாராவது கேட்டால் 'கெமிக்கல் கம்பெனி' என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் வைகாசியில் இவருக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மாடியில் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை. பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, நாற்றம் தெரு வரைக்கும் போகிறது. இந்த மனுஷர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தான், மூக்கு செத்தா போச்சு?" என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகுதான் புகையைப் பார்த்தார். ஆமாம், செத்துத்தான் போயிருந்தது.

டாக்டர், காய்ச்சலில் இப்படிச் சிலருக்கு ஆகும், ஆறு மாசத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார். மூக்கு போனதும் சாப்பாட்டில் ருசியும் போய்விட்டது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல், வைக்கோலை மெல்வதுபோல மென்று விழுங்கினார். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சமையல்காரனுக்குக் கை போனால் வேறு வேலை கொடுப்பார்களா? ரெண்டு பிள்ளைகள், தி. நகரில் வாடகை வீடு. நான்தான் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று சொன்னேன். அதனால் நாலு மாசமாக ருசி பார்க்கக் கொடுத்த ஒவ்வொரு பீருக்கும் ஐம்பதுக்கு முப்பது மார்க் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

புரட்டாசியில் வந்தது அந்த மூன்றாம் நம்பர். பெல்ஜியம்காரர் தன் இஷ்டத்துக்குக் காய்ச்சிய பீர். மற்றதைப்போல இரண்டு மடங்கு வீரியம். ஹாப்ஸ் என்று ஒரு கொடியின் பூவாம், பீருக்குக் கசப்பு கொடுப்பது அதுதானாம். கப்பலில் வந்த அந்தப் பூவை இதில் கை நிறைய அள்ளிப் போட்டிருந்தார். மூன்று பேர் ருசி பார்த்து மார்க் போட வேண்டும்: அண்ணாச்சி, மேனேஜர் சுப்புராயன், இவர். மூன்று தாளும் சேர்ந்து தொண்ணூறு வந்தால் தீபாவளிக்குக் கடைக்குப் போகும். வராவிட்டால் தொட்டியைக் காலி செய்துவிட்டு வேறு பீர் காய்ச்சுவார்கள். கம்பெனியில் வைத்துக் குடிக்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் பாருங்கள் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். ஏன் என்பதைப் பாட்டிலைக் கொண்டுவந்த வேன் டிரைவர் வேலு வாசலில் நின்றே சொல்லிவிட்டான்.

"சார் கீறாராம்மா? இந்தாங்க, மூணாம் நம்பரு. பார்த்தும்மா, டேஞ்சர் சரக்கு. சுப்புராயன் சார் ஒரு கிளாஸ் அட்ச்சுட்டு மொதலாளியப் பாத்து 'இன்னா நைனா'ன்னு கேட்டுக்கினாரு!"

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இவர் தாளைப் பிரித்து வைத்து, வழக்கம்போல முப்பது போடப் பேனாவை எடுத்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ, "இருங்க. நான் பாக்கேன்" என்றேன்.

"நீயா?"

"ஏன், எனக்கு மூக்கும் நாக்கும் இல்லையா? நீங்க நாலு மாசமா ஏமாத்துறது போதும். நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க."

புரட்டாசி மாசமும் அதுவுமாகச் சொல்கிற பேச்சா இது! ஆனால் சொல்லிவிட்டேன்.

ரொம்பக் குளிர வேண்டாம், பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும் என்று பெல்ஜியம்காரர் சொல்லியிருந்தார். பாட்டிலை மண்பானைக்குள் ஒரு மணி நேரம் இறக்கி வைத்தேன். கண்ணாடி டம்ளர் வேண்டுமாம். எங்கள் வீட்டில் கண்ணாடி என்றால் ஹார்லிக்ஸ் பாட்டில்தான். அதில் ஊற்றினேன். டிகிரி காப்பியை ஆற்றியதுபோல நுரை எழும்பி, சட்டென்று அடங்காமல் நின்றது. கீழே மலைத்தேன் நிறம். நிறத்துக்கும் நுரைக்கும் சேர்த்து ஐந்துக்கு நாலு என்றேன்.

அடுத்து மணம், பதினைந்து மார்க். குனிந்து முகர்ந்தேன். சாராயக்கடையைத் தாண்டும்போது வருகிற நாற்றம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. முதலில் காய்ந்த நாரத்தைத் தோல். கொஞ்சம் பொறுத்தால் கிராம்பு. அதற்கும் கீழே கனிந்து கறுத்த வாழைப்பழம். எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு பச்சை வாசனை, மரிக்கொழுந்தைக் கையில் கசக்கியதுபோல. நான் சொல்லச் சொல்ல அவர் பேனாவை நிறுத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுங்க என்று அதட்டினேன். பதிமூணு.

கீழ்வீட்டு ஜானு மாமி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னடி வல்லி, கஷாயம் போட்டுண்டிருக்கியா? கீழ வரைக்கும் மணக்கறதே!"

"ஆமா மாமி, கஷாயம்தான்!" என்று கதவைச் சாத்தினேன்.

பிறகு ஒரு வாய் குடித்தேன். முதலில் கருப்பட்டித் தித்திப்பு. ஆஹா என்று நினைப்பதற்குள் பின்னாலேயே கசப்பு வந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்ட கசப்பு! வேப்பங்கொழுந்தை மென்றதுபோலத் தொண்டை வரைக்கும் இறங்கி, போவேனா என்றது. சுக்குக் கஷாயம் குடித்ததுபோல நெஞ்சில் சூடு வேறு. இன்னொரு வாய் குடித்து நிச்சயப்படுத்திக்கொண்டேன். ருசிக்கு இருபதில் ஆறு. இன்னொரு தரம் வாங்கிக் குடிப்பீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி, அதற்குப் பத்து மார்க். அதில் ஒன்று போட்டேன், பெல்ஜியம்காரர் முகத்துக்காக. மொத்தம் இருபத்துநாலு.

"நீங்களும் ஒரு வாய் பாருங்க. சம்பளம் வாங்குற சரக்குதான" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினேன். கம்பெனியில்கூட உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுவாராம். எதற்கு வீணாக என்று. நான் நீட்டியதால் வாங்கி ஒரு வாய் நிறையக் குடித்தார்.

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"கசக்குது" என்றார்.

"அதான் சொன்னேன்லா."

"இல்ல வல்லி. கசக்குது. எனக்குத் தெரியுது."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. டாக்டர் அன்றைக்கே சொன்னார்தான், மூக்குதான் போயிருக்கிறது, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று. ஆனால் இவருக்குப் பாகற்காய் ஆகாது என்று நான் கசப்பாக எதையுமே வைத்ததில்லை. பால்காப்பியில் இருக்கிற கசப்பு எந்த மூலைக்கு? நாலு மாசமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டவள் நான். மூக்கு போனால் வேலை போகுமே, வாடகைக்கு என்ன செய்வோம் என்றுதான் ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவர் வாய் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

பாட்டிலில் மிச்சம் இருந்ததைச் சொட்டு விடாமல் குடித்தார். பிறகு தாளை எடுத்து, நான் சொல்லி எழுதியதை அப்படியே அடித்தார்.

"என்ன செய்யுதிய?"

"இது உன் நாக்கு. என் தாள்ல இருக்கக் கூடாது."

"அப்பம் வழக்கம்போல முப்பதப் போட்டுத் தொலைங்க."

"நாலு மாசமா எல்லாத்துக்கும் முப்பது. நல்லதுக்கும் முப்பது, நாறினதுக்கும் முப்பது. இது ஒண்ணுதான் என் வாய்க்கு வந்து பேசிச்சு. இதுக்கும் முப்பதா வல்லி?"

மணம் என்ற இடத்தில், 'வைகாசி முதல் எனக்கு மணம் தெரிவதில்லை' என்று எழுதினார். ருசி என்ற இடத்தில் இருபதுக்கு இருபது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்க உண்மை வாடகை குடுக்குமா? நாளைக்கே வெளிய அனுப்பிருவாரு! ரெண்டு பிள்ளைகள வச்சுக்கிட்டு ரங்கநாதன் தெருவுல போயி நிக்கணுமா?" என்று இன்னும் என்னென்னவோ கத்தினேன். அவர் ஒரு வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். நான் சொன்னதையெல்லாம் அதில் ஒழுங்காக எழுதி என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போடச் சொன்னார்.

பீர் தாளில் பொம்பளை கையெழுத்து! அண்ணன்மாருக்குத் தெரிந்தால் தலைமுழுகிவிடுவார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பிறகு மார்க் என்ற பேச்சில் என் பெயர் வந்தது அன்றைக்குத்தான். அன்றைக்கு எனக்கு மார்க் போட்டார்கள். இன்றைக்கு நான் போட்டிருக்கிறேன். ஒளிப்பானேன், பெருமையாகவும் இருந்தது. சி. சுந்தரவல்லி என்று நிறுத்தி எழுதினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "வேலை?"

"இருக்கு. பாட்டில் கழுவுற இடத்துல. அண்ணாச்சி ரொம்பச் சத்தம் போட்டாரு. பழகின தோஷம், வெளிய அனுப்பல. சம்பளம் பாதி."

மீனாட்சி தாயே, பாதியாவது மிஞ்சியதே என்று மூச்சு விட்டேன். காப்பியைக் கொடுத்துவிட்டு, "உங்க பீர் என்னாச்சு?" என்றேன்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். இவர் தாள் செல்லாது என்று அண்ணாச்சி கிழித்துப் போட்டாராம். என் தாளையும் கிழிக்கப் போனவரின் கையைப் பெல்ஜியம்காரர் பிடித்துக்கொண்டாராம். சுப்புராயன் அதை இங்கிலீஷில் படித்துச் சொல்ல, பெல்ஜியம்காரர் மரிக்கொழுந்து என்றால் என்ன என்று கேட்டு, பூக்கடையிலிருந்து வாங்கி வரச் சொல்லி, கசக்கி முகர்ந்து பார்த்து, நான் காய்ச்சியது இதுதான், இந்த அம்மாள் தாளைத்தான் மூன்றாவதாக எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாராம்.

"அவரு பீர் ருசிக்கு ஆறு மார்க் போட்டிருக்கேன், அதையா?"

"அதையேதான். அண்ணாச்சி முப்பது, சுப்புராயன் முப்பத்தஞ்சு, நீ இருபத்துநாலு."

மனசுக்குள் கூட்டினேன். எண்பத்தொன்பது.

"ஒரு மார்க்கா?"

"ஒரு மார்க்குதான். மத்தியானம் தொட்டியத் திறந்து விட்டுட்டாங்க. முற்றமெல்லாம் நுரை. வாசனை கேட் வரைக்கும் வந்துச்சாம், வேலு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. ருசிக்கு ஆறு போட்டது சத்தியம். இப்போது கொடுத்தாலும் ஆறுதான். ஆனால் மணத்துக்கு என் மனசில் வந்தது பதிமூணு இல்லை, பதினாலு. சைவ வீட்டுக்காரி பீருக்குப் போய்ப் பதினாலு போடுவதா என்று வாய்வரைக்கும் வந்ததை ஒன்று குறைத்தேன். உலகத்தில் இவர் நாக்குக்கு எட்டிய ஒரே பொருளை அந்த ஒரு மார்க்கில் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்படீன்னா அது பதினாலு" என்றார்.

"பதினாலுதான் அத்தான்."

"சரி. அந்தப் பதினாலு எப்படி இருந்துச்சு? எனக்குச் சொல்லு. எழுதாம கேக்கேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். விளக்கு ஏற்றுகிற நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தேன்.