இடதுபக்க ஸ்டீயரிங்

ஆரோக்கியமேரி நீட்டிய ஃபைலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்த கிளார்க் திறந்துகூடப் பார்க்கவில்லை. அட்டைமேல் ‘ஜீப், 1943 மாடல்’ என்று எழுதியிருந்ததைப் படித்தவுடனே வெளியே தள்ளிவிட்டான்.

“பட்டாளத்து வண்டிக்கெல்லாம் இனிமே ரெனியூவல் கிடையாதும்மா. ஃபாரின் வண்டி. சார் சொல்லிட்டார்,” என்றான் தெலுங்கில்.

“எந்த ரூல்படி?” அவளும் தெலுங்கில்தான் கேட்டாள்.

“மேலேருந்து ஆர்டர்.”

“அந்த ஆர்டரைக் காட்டுங்க.”

“வாய் வார்த்தையா வந்த ஆர்டர்மா.”

“சரி. அப்ப நீங்க முடியாதுன்னு சொல்றதை ஒரு காகிதத்துல எழுதிக் கொடுங்க. நான் போயிடறேன்.”

அவன் அவளை விட்டுவிட்டுப் பின்னால் நின்றவரின் ஃபைலை வாங்கிக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஆரோக்கியமேரி லாலாகூடா ரயில்வே வொர்க்‌ஷாப்பில் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். இருபத்தாறு வருஷமாக ஃபைல் எழுதுகிறவள். எழுத்தில் இல்லாத உத்தரவு உத்தரவே இல்லை என்பது அவளுக்கு வேதவாக்கு மாதிரி. ஒரு விண்ணப்பத்தை மறுத்தால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். அப்படி மறுத்தால்தான் மேலே அப்பீல் போக முடியும். இவர்கள் எழுத மறுப்பதே அதைத் தடுக்கத்தான் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அது 2007 மார்ச். ஜீப்பின் பதிவு ஏப்ரல் பதினெட்டோடு முடிகிறது. இதற்குமுன் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை இதே ஆபீஸில் புதுப்பித்திருக்கிறாள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது ஊரில் கள்ளக் காகிதத்தோடு இறக்கிய சொகுசுக் கார்கள் நாலைந்து பிடிபட்டுவிட்டன. அதனால் வெளிநாட்டில் செய்த எந்த வண்டியானாலும் கஸ்டம்ஸ் ரசீது கேட்கிறார்கள். யுத்த காலத்தில் அமெரிக்கப் பட்டாளத்தோடு கப்பலில் வந்து, யுத்தம் முடிந்ததும் இங்கேயே விடப்பட்டு, சர்க்கார் ஏலத்தில் கைமாறிய ஜீப்புக்கு ரசீதுக்கு எங்கே போவது?

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சின்னசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் போகும்போது லாரி இடித்தது. அதற்கப்புறம் கார், ஆட்டோ எதில் ஏற்றினாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காது. மறு வருஷம் ஒரு கிரானைட் குவாரியை மூடி சாமான்களை விற்றபோது இந்த ஜீப்பை மேரி பார்த்தாள். கதவே இல்லாத வண்டி. ஸ்டீயரிங் இடதுபக்கம் இருப்பதால் பக்கத்தில் உட்காருகிறவருக்கு வலதுபக்கம் முழுக்கத் திறந்த வெளி. உட்கார்ந்து, காலை நீட்டி, தூக்கி வைத்துக்கொள்ளலாம். வாங்கிவிட்டாள். சின்னசாமி வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எஞ்சினைப் பிரித்து மாட்டி ஓட வைத்தார். ஓட்டக் கற்றுக்கொண்டது மேரி. ரயில்வே கிரவுண்டில் அவள் முதல் தடவை கிளட்சை விட்டபோது கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டம்பைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

“விட்டுடும்மா,” என்றாள் மகள் ஸ்டெல்லா. கச்சிபௌலியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவளுக்கு வேலை. “ஐ வில் பை யூ எ பிக் கார். நானாவுக்கு சீட் மாடிஃபை பண்ணிக்கலாம்.” அப்பாவை அவள் தெலுங்கில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“உன் காரு வரட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா என் வண்டியை வெட்டி எடைக்குப் போடுன்னு ஒருத்தன் வாயால சொன்னா நான் போட்டுடணுமா?”

அடுத்த வாரம் அதே ஜன்னல் முன்னால் அப்துல் ரஹீமைப் பார்த்தாள். மலக்பேட்டையில் ஷாமியானா கடை வைத்திருப்பவர், பூர்வீகம் ஆம்பூர். கல்யாணத்துக்குப் பந்தல் கம்பு, நாற்காலி, அண்டா எல்லாம் ஏற்றிப் போக ஒரு பழைய டாட்ஜ் டிரக் வைத்திருந்தார். அதுவும் யுத்தத்தோடு வந்ததுதான். அவரையும் வாயாலேயே விரட்டியிருந்தார்கள்.

“கைக்கு க்கா, ஏன் இவங்க நம்ம மேல பாயறாங்க?” என்றார் ரஹீம். “ஐ.டி. காரங்க போற ரோட்டுல நம்ம வண்டி அசிங்கமா இருக்காம். ஒரு ஏஜென்ட் அப்படித்தான் சொன்னான்.”

விசாரித்ததில் ஊரில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் பதினோரு பேர் தேறினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஹீம் கடை வாசலில், அவருடைய நாற்காலிகளிலேயே உட்கார்ந்து பேசினார்கள். அங்கேயும் ஒரு ஏஜென்ட் வந்துவிட்டான். அவன் சொன்ன வழி சுலபமானது. இது அமெரிக்க வண்டி இல்லை, அறுபத்திரண்டில் பம்பாயில் செய்த ஜீப், பழைய ரெக்கார்டில் தப்பாக ஏறிவிட்டது என்று ஒரு அஃபிடவிட். ஒரே வாரத்தில் புது ஆர்.சி. கைக்கு வந்துவிடும்.

எட்டுப் பேர் அங்கேயே தலையாட்டினார்கள். சின்னசாமியும் மனைவியின் முழங்கையைத் தொட்டார். “மேரி, வண்டி ஓடினா சரிதானே?”

“பொய்யான வருஷத்துல பொறந்ததா நானே கையெழுத்துப் போட்டா, அப்புறம் எந்த இன்ஸ்பெக்டர் வேணும்னாலும் என் கழுத்தைப் பிடிக்கலாம்ங்க. இப்ப தப்பு அவங்ககிட்ட இருக்கு. அதை நாம எதுக்குக் கைநீட்டி வாங்கிக்கணும்?”

கூட்டம் கலைந்தது. கடைசியில் அவளோடு மிஞ்சியவர் ரஹீம் ஒருவர்தான். “எனக்கு இங்கிலீஷ் வராது க்கா. நீ எங்க கையெழுத்துப் போடச் சொல்றியோ அங்க போடறேன்,” என்றார்.

மேரி தகவல் உரிமைச் சட்டத்தில் தனக்கும் ரஹீமுக்குமாக இரண்டு மனு எழுதினாள். பட்டாளத்து வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்ற உத்தரவின் நகல் வேண்டும், அவ்வளவுதான். இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது: ‘அவ்வாறான உத்தரவு எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை.’

அந்தக் காகிதத்தோடு பதிவு அதிகாரி சுதாகர் ராவ் முன்னால் போய் நின்றாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மூன்று வருஷத்தில் ஓய்வு.

“உத்தரவு இல்லைன்னு உங்க ஆபீஸே எழுதியிருக்கு சார்.”

“இல்லைதாம்மா. ஆனா கையெழுத்துப் போட்டா நாளைக்கு விஜிலென்ஸ் என் வீட்டுக்கு வருவான். நீங்க ஏன் கஷ்டப்படறீங்க? கண்காட்சிப் பொருள்னு எழுதித் தர்றேன். வீட்டுல வச்சுக்கோங்க. ரோட்டுல மட்டும் எடுக்காதீங்க.”

“என் வீட்டுக்காரரைக் கண்காட்சியில உக்கார வைக்கிறதுக்கு நான் வண்டி வாங்கல. முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க.”

அவர் எழுதவில்லை.

மே கடைசியில், ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள், சாமான்களோடு போன ரஹீமின் டிரக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்புகளை நடுரோட்டில் இறக்கி வாடகை லாரியில் ஏற்றினாராம் பாவம். அப்போதும் மேரி ஜீப்பை நிறுத்தவில்லை. கெடுவுக்கு முன்பே புதுப்பிக்கும் மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று, அவர்கள்தான் பதில் சொல்லவில்லை என்பது அவள் வாதம். ஜூன் இரண்டாம் வாரம் சின்னசாமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது தார்னாகா சந்திப்பில் ஆர்.டி.ஓ. ஆபீஸின் இளம் இன்ஸ்பெக்டர் ஒருவன் கையைக் காட்டினான். பேப்பர்களைப் பார்த்தான். இறங்கச் சொன்னான்.

“இறங்கறேன். எதுக்காகப் பிடிக்கிறீங்கன்னு முதல்ல எழுதிக் கொடுங்க.”

“ஆபீஸுக்கு வாங்க, பேசிக்கலாம்.”

“பேச ஒண்ணும் இல்ல சார். எழுதணும்.” மேரி எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் கம்பெனி பஸ்கள், கேப்கள், பைக்குகள் எல்லாம் ஹாரனை அழுத்தின. நாலு நிமிஷத்தில் ரோடு அடைத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டருக்கு வியர்த்தது. பேடை எடுத்துக் கோபமாக எழுதினான். ‘அயல்நாட்டு ராணுவ வாகனம், இடதுபக்க ஸ்டீயரிங், பதிவு புதுப்பிக்க அனுமதிக்கப்படாதது.’ கையெழுத்துப் போட்டான். கிழித்துக் கொடுத்தான்.

மேரி அதை இரண்டு தடவை படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“ரொம்ப தேங்க்ஸ் சார். மூணு மாசமா இதுக்குத்தான் அலைஞ்சுட்டிருந்தேன்.”

அவன் விழித்தான். சின்னசாமியை அவளும் ஒரு பழக்கடைக்காரருமாகத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வழி முழுக்க அவர் வலியில் முனகினார். மேரி அந்தக் காலைத் தன் மடியில் பிடித்துக்கொண்டு வந்தாள். காகிதம் கைப்பையில் இருந்தும் அவளுக்கு அழுகை முட்டியது.

அந்தக் காகிதத்தை வைத்து அவள் போட்ட அப்பீலை விசாரித்தவர் லலிதா என்ற துணைக் கமிஷனர். ஜூலை முதல் வாரம். மேரி வக்கீல் வைக்கவில்லை, சின்னசாமியை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள்.

“கஸ்டம்ஸ் பேப்பர் எங்கே?” என்றார் லலிதா.

“யுத்தத்துக்கு வந்த வண்டி மேடம். துப்பாக்கியோட வந்தவன் கவுண்டர்ல நின்னு சீட்டு வாங்கிட்டா வந்திருப்பான்?”

லலிதா சிரிக்கவில்லை. மேரி குரலைத் தணித்துக்கொண்டாள். “ஏலம் விட்டது சர்க்கார். ஐம்பத்தாறுல நம்பர் கொடுத்தது சர்க்கார். மூணு தடவை புதுப்பிச்சது இதே ஆபீஸ். இப்ப இந்த வண்டி எப்படி வந்ததுன்னு என்னைக் கேட்டா எப்படி?”

“இடதுபக்க ஸ்டீயரிங், மேடம். ஆபத்து,” என்றார் சுதாகர் ராவ்.

“மோட்டார் வாகனச் சட்டம் நூத்திருபதாவது பிரிவு. இடதுபக்க ஸ்டீயரிங்கைத் தடை செய்யல. சிக்னல் காட்டற கருவி வேலை செய்யணும்னுதான் சொல்லுது.”

லலிதா தன் மேஜையிலிருந்த புத்தகத்தையே எடுத்துப் பக்கத்தைத் தேடிப் படித்தார். பிறகு எழுந்தார். “வாங்க, பார்த்துடலாம்.”

பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டு பின்பக்கம்தான் இருந்தது. மூன்று வாரம் மழையில் நின்ற ஜீப். பேட்டரி மந்தமாகிவிட்டதால் செல்ஃப் எடுக்கவில்லை. சுதாகர் ராவ் லேசாகத் தொண்டையைச் செருமினார். மேரி சீட்டுக்கு அடியிலிருந்து கிராங்க் கம்பியை எடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, முன்னால் குனிந்து சுற்றினாள். ஐம்பத்தோரு வயசு. முதல் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை கம்பி எதிர்த்து உதைத்து மணிக்கட்டில் அடித்தது. மூன்றாம் தடவை எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் கண் சிமிட்டியது. தரையில் இழுத்த சாக்பீஸ் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் பிடித்து நிறுத்திக் காட்டினாள்.

அறைக்குத் திரும்பியதும் லலிதாவின் குரல் கொஞ்சம் இளகியிருந்தது. “உங்க கணவரோட கால் நிலைமையைப் பார்த்து, அனுதாப அடிப்படையில இந்த ஒரு வண்டிக்கு அனுமதி கொடுத்துடறேன். போதுமா?”

சின்னசாமி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். மேரி அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

“அனுதாபம் வேண்டாம் மேடம். இவர் காலுக்காகக் கொடுத்தீங்கன்னா ரஹீம் பாய்க்குக் கிடைக்காது. அவருக்குக் கால் நல்லாத்தான் இருக்கு. சட்டம் தடுக்கலைங்கிறதால கொடுங்க. அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்க. சட்டம் தடுக்குதுன்னா, அதையும் எழுதிக் கொடுங்க. ஹைகோர்ட்டுக்குப் போறேன்.”

லலிதாவின் முகம் இறுகியது. ஃபைலை மூடினார். “உத்தரவு தபால்ல வரும். போகலாம்.”

வீட்டுக்கு வந்ததும் சின்னசாமி, “வாய்க்கிட்ட வந்ததைத் தட்டி விட்டுட்ட,” என்றார். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியதை வேறு யாருக்காகவோ பணயம் வைக்க எனக்கு என்ன உரிமை என்று மேரியே தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஸ்டெல்லா மட்டும், “அம்மா, அந்த மேடத்துக்கிட்ட அப்படியேவா சொன்னே?” என்று மூன்று தடவை கேட்டாள். கேட்டுவிட்டு, ரஹீமின் அப்பீலை அவளே உட்கார்ந்து டைப் செய்து கொடுத்தாள்.

பத்தொன்பது நாள் கழித்துத் தபால் வந்தது. நாலு பக்கம். சர்க்கார் ஏலத்தில் விற்ற வண்டிக்குக் கஸ்டம்ஸ் ரசீது கேட்க முடியாது; இடதுபக்க ஸ்டீயரிங் மட்டுமே மறுக்கக் காரணமாகாது; தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அனுதாபம் என்ற சொல் எங்கேயும் இல்லை. சின்னசாமி அதை வாங்கி, கண்ணாடி போட்டு, நாலு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார்.

“நீ சொன்னதுதான் சரி,” என்றார். அந்த வீட்டில் அது அபூர்வமான வாக்கியம்.

அதே காரணத்தைக் காட்டி ஆகஸ்டில் ரஹீமுக்கும் உத்தரவு வந்தது. அஃபிடவிட் கொடுத்தவர்களில் மூன்று பேர் உத்தரவின் நகல் கேட்டு மேரி வீட்டுக்கு வந்தார்கள். நகலைக் கொடுத்தாள். ஆனால் அமெரிக்க வண்டி இல்லை என்று ஏற்கெனவே சத்தியம் செய்தவர்களுக்கு அது என்ன உதவும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

டிரக்கை எடுக்க யார்டுக்குப் போனபோதுதான் அடுத்த இடி. கார்பரேட்டர் இல்லை. பேட்டரி இல்லை. பின்சக்கரம் இரண்டையும் கழற்றிக்கொண்டு செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். ரஹீம் ஃபுட்போர்டில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“நக்கோ க்கா, வேண்டாம். ஜெயிச்சாச்சு, போதும். இதை எடைக்குப் போட்டுடறேன்.”

“மூணு மாசம் நின்னது எடைக்குப் போடறதுக்கா? எழுந்திருங்க பாய்.”

யார்டு பொறுப்பாளரிடம் காணாமல் போன சாமான்களின் பட்டியலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று அவன் கையெழுத்தை வாங்கிய பிறகுதான் அவள் வெளியே வந்தாள். ரஹீமின் கடை ஆட்கள் மலக்பேட்டையிலிருந்து பழைய சக்கரம் இரண்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஜீப்பின் கொக்கியிலிருந்து டிரக்கின் பம்பருக்குச் சங்கிலி கட்டினார்கள். ரஹீம் டிரக்கில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார். சின்னசாமி ஜீப்பில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, “இரு, இரு... இப்ப விடு!” என்று கத்தினார்.

மேரி தாழ்ந்த கியரில் போட்டாள். சங்கிலி விறைத்தது. டிரக் ஒரு தடவை முனகிவிட்டு நகர்ந்தது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒரு புதுக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கி, “ஓரமாப் போங்கம்மா!” என்று கத்தினான்.

“ரோடு எனக்கும்தான் தம்பி,” என்றாள் மேரி. மலக்பேட்டை வரும்வரை அவள் ஓரத்துக்குப் போகவில்லை.